நூற்று நாற்பத்தொன்றும் மூன்று செக்கனும்

நாற்பத்து மூன்றாவது வயதில், புஜைராவில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், நான் பெரிய அறிவாளி என்பது எனக்குத் தெரியவந்தது. அப்போது என் கையில் பஜ்ஜி பொரிக்கும் கரண்டி இருந்தது.

எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஒரு சென்னைக் குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய மூத்த பெண் சார்ஜாவில் உளவியல் படிக்கிறாள். அறிவுத்திறனை அளக்கும் பரீட்சையை ஆட்களுக்கு நேரில் நடத்திப் பழகுவது அவளுடைய பாடத்தில் ஒரு பகுதி. அதற்கு இரண்டு பெரியவர்கள் தேவையென்று எங்கள் கதவைத் தட்டினாள். நானும் இவரும் சம்மதித்தோம். இவர் என்று நான் சொல்வது என் கணவரை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளில் அளவுமானிகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. நான் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பத்திரங்களைச் சரிபார்க்கிறேன். இருவரும் யாழ்ப்பாணம். பதினைந்து வருடமாக இங்கே.

அந்தப் பெண் இரண்டு நாள் வந்தாள். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைத் தந்து, படத்தில் இருப்பதுபோல அடுக்கச் சொன்னாள். எண்களைச் சொல்லி, பின்பக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. இவருக்கோ நெற்றியெல்லாம் வியர்த்தது. மூன்றாவது முறை அவள் வந்தபோதுதான் நான் பஜ்ஜி பொரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆண்ட்டி, நான் ஸ்கோர் சொல்லவே கூடாது. ப்ராக்டிஸ்தான் இது. ஆனா சொல்லாம இருக்க முடியல" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நூத்தி நாப்பத்தி ஒண்ணு."

"அது கூடவோ குறைவோ, பிள்ளை?"

"ஆண்ட்டி! எங்க கிளாஸ்ல யாருக்குமே இவ்ளோ வந்த ஆளு கெடைக்கல."

வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த இவர், அந்தச் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப எனக்கு எத்தினை?"

அந்தப் பெண் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அங்கிள், நீங்க... ரொம்ப நல்லா கோஆப்பரேட் பண்ணீங்க."

எங்கள் பதினாலு வயது மகள் குளியலறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது எனக்கு அடுப்படி வரை கேட்டது.

அடுத்த சில வாரங்கள் நான் தரையில் நடந்ததாக ஞாபகமில்லை. கடற்கரை நடைபாதையில் காலையில் நடக்கும்போது, தலையில் நிறைகுடம் இருப்பதுபோலக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் கழுத்தில் ஏதும் சுளுக்கோ என்று பார்த்திருப்பார்கள். அலுவலகத்தில் இரண்டு தடவை கேட்க வேண்டிய கேள்வியை ஒரு தடவைதான் கேட்டேன். மற்றதை நானே ஊகித்துக்கொண்டேன். ஊகம் பிழைத்தது. ஆனாலும் என்ன, நூற்று நாற்பத்தொன்று!

வீட்டில் இவர் ஒருநாள்கூடக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் பணிவாக இருந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. வைஃபை நின்றால், "நீர் பாருமப்பா, உமக்குத்தானே மூளை" என்பார். குளிரூட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால், "எனக்கு உது விளங்காது. நான் கோஆப்பரேட் பண்ணுறன்" என்று வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் நாற்காலியில் ஏறி, மூடியைக் கழற்றி, யோசித்து, மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு இறங்குவேன். அதன் பிறகு அவர் ஏறி இரண்டு நிமிடத்தில் குழாய்க்குள் இருந்த தூசைத் தட்டிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை கடைத்தொகுதியில் வாகனத்தை எங்கே நிறுத்தினேன் என்பது மறந்துபோயிற்று. தூண்களின் எழுத்துக்களைப் பார்த்து, நாங்கள் எந்த வாசலால் போனோம், நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்றெல்லாம் தர்க்கரீதியாக யோசித்து, அரை மணித்தியாலம் குடும்பத்தை தரிப்பிடம் முழுக்க நடத்தினேன். மகள் தள்ளுவண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, சீரியஸ்லி, மூளை எங்க?"

இவர் என் கையிலிருந்த சாவியை வாங்கி, தலைக்கு மேலே பிடித்து ஒருமுறை அமுக்கினார். எங்களுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், வாகனம் கூவியது.

அறிவாளிகளுக்கு ஏற்ற பொழுதுபோக்கு ஒன்று வேண்டுமென்று நினைத்து, கைப்பேசியில் சதுரங்கம் ஆடினேன். பாண்டாக் கரடிப் படம் போட்ட ஒருவர் என்னைப் பன்னிரண்டு நகர்த்தலில் வென்றார். எண்கட்டப் புதிர் நன்றாக வந்தது. ஒன்றை முடித்தேன். உடனே இன்னொன்று வந்தது. அதையும் முடித்தேன். இன்னொன்று வந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கச் செய்வதும் இதுதானே என்று தோன்ற, விட்டுவிட்டேன்.

இப்படியிருக்கத்தான் பொங்கல் ஒன்றுகூடல் வந்தது. புஜைராவிலுள்ள இலங்கைத் தமிழர்கள் ஒரு மண்டபத்தில் கூடினோம். இவர் பொங்கல் தட்டோடு மேசை மேசையாகப் போய், "இவவின்ரை மூளையை அளந்து பாத்தினம் தெரியுமே?" என்று ஆரம்பித்துவிட்டார். பெருமையாகத்தான் சொன்னார். அதிலும் ஒரு பகிடி இருந்தது. அளந்தவர்கள் யார் என்று கேட்டால் மட்டும், "சார்ஜாவிலை பெரிய ஆக்கள்" என்று கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து என்னிடம் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஒன்பது வருடமாக இந்த நாட்டவரான ஒரு எமிராத்திக் குடும்பத்தில் வேலை செய்கிறாள். அந்த வீட்டின் இரண்டு பெண் குழந்தைகளையும் பிறந்ததிலிருந்து வளர்ப்பவள் அவள்தான். அவளை எல்லோரும் காப்டன் என்றார்கள். ஏனென்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

"அக்கா, பெப்ரவரியில அஜ்மான்ல லேடீஸ் நெட்போல் மேட்ச் இருக்கு. எட்டு டீம் வருது. நம்மகிட்ட ஆறு பேருதான் இருக்கோம். ஒரு ஆள் கொறையுது" என்றாள்.

"தங்கச்சி, நான் வாழ்க்கையிலை பந்து தொட்டதில்லை."

"பரவாயில்லக்கா. நடுவுல நிக்கிற ஆளுக்கு மூளைதான் வேணும். பந்து எங்கிட்டு போகணும்னு அவங்கதான் பாக்கணும். அண்ணன் சொன்னாங்க, உங்களுக்கு எக்கச்சக்கமா இருக்காமே."

இலங்கையில் பள்ளிக்கூடம் போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் நெட்போல் எனப்படும் வலைப்பந்தாட்டம் தெரியும் என்பாள். பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்தவர் மேற்கொண்டு காலெடுத்து வைக்காமல், மூன்று செக்கனுக்குள் இன்னொருவருக்கு எறிய வேண்டும். கடைசியில் கம்பத்தின் உச்சியிலுள்ள வளையத்துக்குள் போட வேண்டும். என் பள்ளிக்கூடத்திலும் இதெல்லாம் இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து விளையாட்டுப் பாடவேளை வந்தால் கணித ரீச்சர் என்னை மட்டும் கூப்பிட்டு நூலகத்தில் இருத்திவிடுவா. யன்னலுக்கு வெளியே மற்றப் பிள்ளைகள் கத்துவது கேட்கும். நான் வட்டத் தேற்றங்கள் செய்துகொண்டிருப்பேன். அதற்காக நான் வருந்தியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். காப்டன் கேட்டபோது, யோசிக்காமலே ஓம் என்றேன்.

அன்றிரவே விதிப்புத்தகத்தைத் தரவிறக்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். ஞாயிறு பயிற்சிக்குப் போகும்போது அதில் எனக்குத் தெரியாத வரி இல்லை. காப்டன் என் மார்பில் நடு ஆட்டக்காரிக்குரிய 'C' என்ற எழுத்துப் போட்ட துணியைக் கட்டிவிட்டாள். பூங்காவிலுள்ள கூடைப்பந்துத் திடலில்தான் பயிற்சி. இவர் தன் வேலையிடத்துப் பட்டறையில் ஒரு வளையம் செய்து, கம்பத்தில் மாட்டித் தந்திருந்தார். அதோடு நடுவராகவும் தன்னைத்தானே நியமித்துக்கொண்டார். கழுத்தில் விசில்.

ஆட்டம் தொடங்கியது. பந்து என்னிடம் வந்தது. பிடித்துவிட்டேன்! வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பந்து என் இரண்டு கைகளுக்குள் வந்து நின்றது. வலப்பக்கத்தில், எங்கள் அணியிலுள்ள ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி ஓடுகிறாள். அவளுக்கு எறிந்தால் அவள் கோட்டுக்கு அருகில் பிடிப்பாள். அங்கிருந்து காப்டனுக்கு எறிய இடையில் ஒருத்தி நிற்கிறாள். எனவே முதலில் இடப்பக்கம்...

விசில்.

"என்னப்பா? ஏன் ஊதினனீங்கள்?"

"ஒண்டு, ரெண்டு, மூண்டு. நீர் நாலு செக்கன் வைச்சிருந்தனீர்."

அடுத்த தடவையும் அதேதான். அதற்கடுத்த தடவையும். நான் யோசித்து முடிக்கும்போது என் யோசனை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது நாலாவது செக்கனில் சரியாக இருந்தது. அதற்குள் தாதி வேறெங்கோ ஓடிப்போயிருந்தாள். அது போதாதென்று, கால் விதியை மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டே நான் மூன்றடி நடந்துவிட்டேன். அதற்கும் விசில்.

"அக்கா, பந்த குடுத்துருங்கக்கா! சும்மா குடுங்க!" என்று காப்டன் தூரத்திலிருந்து கத்தினாள்.

"ஆருக்கு?"

"யாருக்காவது!"

இடைவேளையில், தரையிறங்கும் காலைப் பற்றி விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்று அவளிடம் கேட்டேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் போத்தலை இறக்கினாள். "எனக்கு புஸ்தகமெல்லாம் தெரியாதுக்கா. நாங்க மலைச் சரிவுல வெளயாடின ஆளுங்க. பந்து வெளிய போனா அரை மைல் கீழ போயி எடுத்துட்டு வரணும். அதனால வெளிய விடவே மாட்டோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது முறை விழுந்தபோது எழும்ப முடியவில்லை. அடிபட்டதால் இல்லை, சிரிப்பு வந்ததால். நாற்பத்து மூன்று வயதுப் பெண், பொதுப் பூங்காவில், மார்பில் எழுத்தோடு மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. எண்கட்டப் புதிர் ஒன்றுகூட எனக்கு இதைச் செய்ததில்லை.

ஆனாலும் மூளை சும்மா விடுமா? இரண்டாவது வாரம் நான் ஒரு திட்டத்தோடு போனேன். எட்டு விதமான நகர்வுகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தேன். நான் எண்ணைக் கூவினால், ஏழு பேரும் எங்கே ஓட வேண்டுமென்று தெரிந்துவிடும். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாம் முன்கூட்டியே யோசித்தாயிற்று. எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். காப்டன்கூடத் தலையாட்டினாள்.

"நாலு!" என்று கூவினேன்.

இரண்டு பேர் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அசையாமல் நின்று விரல்களில் எண்ணினாள். தாதி முழு வேகத்தில் ஓடி, கோட்டைத் தாண்டி, பூங்காவின் வாசலையும் தாண்டி, வாகனத் தரிப்பிடத்தில் போய் நின்றாள். நாலு என்றால் வெளியே என்று அவளுக்கு விளங்கியிருந்தது. பந்து என் கையிலேயே இருந்தது. இவர் விசிலை வாயில் வைத்தார். ஊத முடியவில்லை. சிரிப்பில் விசில் கீச்சுக் கீச்சென்றது.

"கலாஸ், அக்கா" என்றாள் காப்டன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நம்பர் எல்லாம் கலாஸ்."

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் மேல்வீட்டுப் பெண் வந்தாள். முகம் சரியில்லை. கதவடியிலேயே நின்றாள்.

"ஆண்ட்டி, திட்டாதீங்க. அந்த ஸ்கோர் தப்பா இருக்கலாம்."

உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். அவளுடைய விரிவுரையாளர் தாள்களைத் திரும்பப் பார்த்திருக்கிறார். நேரம் வைத்துச் செய்யும் பகுதிகளில் எல்லாம் நான் நம்ப முடியாத வேகத்தில் முடித்ததாக எழுதியிருந்ததாம். உண்மையில் என்ன நடந்ததென்றால், நான் இடையிடையே அடுப்பைப் பார்க்க எழும்பிப் போயிருக்கிறேன். அவளும் நேரக்கணிப்பானை நிறுத்தியிருக்கிறாள். சில தடவை திரும்ப ஓடவிட மறந்திருக்கிறாள். எத்தனை தடவை என்பது அவளுக்கே தெரியாது.

"அப்ப என்ரை உண்மையான எண் எத்தினை?"

"தெரியாது ஆண்ட்டி. கம்மியா இருக்கலாம். கொஞ்சம்தான் கம்மியாவும் இருக்கலாம். ரிப்போர்ட்டே செல்லாதுன்னுட்டாங்க. அங்கிளோடதும்தான்."

அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். பிறகு குசினியில் போய் நின்றேன். பொய் சொல்லக் கூடாது, எனக்குக் கவலையாக இருந்தது. இரண்டு மாதமாகத் தலையில் சுமந்த குடத்தை யாரோ வாங்கிக்கொண்டு போனதுபோல இருந்தது. இவர் வந்து என் முகத்தைப் பார்த்தார். சொன்னேன்.

"என்ரையும் செல்லாதாமே?" என்றார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப நானும் நூத்தி நாப்பத்தொண்டா இருக்கலாம்."

"ஓம். அறுபதாயும் இருக்கலாம்."

"அறுபது எண்டாலும் உம்மை மாதிரி ஒரு ஆளைக் கலியாணம் கட்ட எனக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். கவலை ஒரு மணித்தியாலம் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்து முடிக்கும்போது அது போயிருந்தது. உண்மையைச் சொன்னால், என் அன்றாட வாழ்க்கையில் அந்த எண் ஒரு வேலையும் செய்திருக்கவில்லை. குளிரூட்டியைத் திருத்தவில்லை, வாகனத்தைக் கண்டுபிடிக்கவில்லை, பந்தை எறியவில்லை. கழுத்தை மட்டும்தான் நேராக வைத்திருந்தது.

போட்டி நாளன்று இவர் ஒரு வானை ஓட்டிக்கொண்டு வந்தார். ஏழு பேர், என் மகள், இரண்டு பெட்டி தண்ணீர், ஒரு சட்டி மீன் கட்லெட். மலைகளுக்கு இடையே போகும் சாலையில், சுரங்கப்பாதை வரும்போதெல்லாம் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். ஏன் கத்துகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. எதிரொலி நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

அஜ்மானில் ஒரு பள்ளிக்கூட மைதானம். முதல் ஆட்டத்தில் எங்களுக்கு வாய்த்த அணி, என் கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை, என்னைவிட மோசம். அவர்களுடைய நடு ஆட்டக்காரி பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. வென்றோம்.

அடுத்தது அரையிறுதி. அபுதாபியிலிருந்து வந்தவர்கள். உயரமானவர்கள், ஒரே நிறச் சப்பாத்து. ஏழு நிமிடம், ஓர் இடைவேளை, மறுபடி ஏழு நிமிடம். இடைவேளையின்போது நான் பெரிய கண்டுபிடிப்போடு காப்டனிடம் ஓடினேன். எதிரணியில் கோல் போடும் பெண் பந்தை இரண்டு தடவை கையில் சுழற்றிவிட்டு, எப்போதும் இடப்பக்கம் சாய்ந்துதான் எறிகிறாள். ஏழு நிமிடமும் கவனித்து எண்ணியிருந்தேன்.

"ஆமாக்கா" என்றாள் காப்டன். "மொத பந்துலயே தெரிஞ்சிருச்சி. சாயிறதுக்கு முன்னாடி தோள தூக்குறாங்க பாருங்க."

தாதியும் தலையாட்டினாள். கையில் தோடம்பழத்தோடு நின்ற இன்னொருத்தியும் தலையாட்டினாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"இதையெல்லாம் யாராச்சும் சொல்லுவாங்களாக்கா?"

இரண்டாம் பாதி. பதினொன்றுக்குப் பதினொன்று. நேரம் முடியப் போகிறது. மைதானக் கரையில் நின்று இவர் கடிகாரத்தைக் காட்டிக் குதிக்கிறார். பந்து காப்டனிடம் போனது. வளையத்திலிருந்து தூரத்தில், ஒற்றைக்காலில் நின்று அவள் எறிந்தாள். பந்து மேலே போனது. நடுவரின் விசில் ஒலித்தது. அதன் பிறகு பந்து வளையத்தின் விளிம்பில் ஒருமுறை உட்கார்ந்து, யோசித்து, உள்ளே விழுந்தது.

என்ன சத்தம்! நடுவராக நின்ற உடற்பயிற்சி ரீச்சர் ஒரு கணம் தயங்கிவிட்டு, கோல் என்று கையைத் தூக்கினா. எங்கள் ஆட்கள் காப்டன் மேல் பாய்ந்தார்கள். என் மகள் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டாள். நாங்கள் இறுதியாட்டத்துக்குப் போகிறோம்.

விதிப்புத்தகத்தின் ஒரு பக்கம் அப்படியே என் கண்முன் விரிந்தது. பந்து எந்த இடத்தில் இருந்தபோது விசில் ஊதப்பட்டது என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் கை தானாக உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த கேள்விக்கெல்லாம் உயருமே, அதே கை.

"மிஸ், அது கோல் இல்லை. விசில் ஊதேக்கை பந்து வளையத்தைத் தாண்டேல்லை. தாண்டாட்டில் கணக்கில்லை எண்டு விதியிலை இருக்கு."

சரியான விடையைச் சொன்ன சந்தோஷத்தில் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பு இரண்டு செக்கன் இருந்திருக்கும். பிறகுதான் நான் எந்த அணியில் இருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அபுதாபிக்காரர்களும் பார்த்தார்கள். கரையில் இவர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். ரீச்சர் தன் கைப்பேசியில் எதையோ தேடி வாசித்தா. என்னைப் பார்த்துத் தலையாட்டினா. கோல் இல்லை. சமநிலை. மேலதிகமாக நான்கு நிமிடம்.

பூமி பிளந்தால் போய்விடலாம் என்று தரையைப் பார்த்தேன். அது நல்ல கெட்டியான சீமெந்துத் தரை. காப்டன் என் பக்கம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் முதுகில் தட்டிவிட்டு, "யல்லா அக்கா, ஓடுங்க" என்றாள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வரை வந்தோம். கடைசி அரை நிமிடத்தில் பந்து என்னிடம் வந்தது. மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கவே கூடாது என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லி முடிக்க நான்கு செக்கன் ஆயிற்று. விசில். பந்து எதிரணிக்குப் போனது. உயரமான பெண் பந்தை இரண்டு தடவை சுழற்றி, தோளைத் தூக்கி, இடப்பக்கம் சாய்ந்து எறிந்தாள். பதின்மூன்று.

ஆட்டம் முடிந்ததும் காப்டன் கம்பத்தடியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். "தங்கச்சி, என்னை மன்னிச்சுக் கொள்ளும்" என்று தொடங்கினேன். அவள் கைகளை எடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராத அளவுக்குச் சிரிப்பு.

"அக்கா, அது கோல் இல்லன்னு எனக்கும் தெரியும்" என்றாள், மூச்சு வந்த பிறகு. "எங்க ஸ்கூல் மாஸ்டர் சொல்லியிருக்காரு. சொல்லுவோமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீங்க கைய தூக்கிட்டீங்க."

"எவ்வளவு நேரம் யோசிச்சனீர்?"

"ரெண்டு செக்கன் இருக்கும். வாழ்க்கையில மொத தடவையா நீங்க என்னைய விட ஃபாஸ்ட்டு!"

அதற்குப் பிறகு எங்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். தாதி "நாலு!" என்று கூவிவிட்டு வாசலை நோக்கி ஓடினாள். அபுதாபிக்காரர்கள் என்னவென்று கேட்டு வந்தார்கள். கதையைக் கேட்டு அவர்களும் உட்கார்ந்தார்கள். கட்லெட் சட்டி காலியாயிற்று. என்னோடு நின்று ஒரு படம் எடுக்க வேண்டுமென்று அவர்களுடைய உயரமான பெண் கேட்டாள். "எங்களுக்காக விளையாடினதுக்கு" என்றாள்.

திரும்பி வரும் வழியில் இவர் ஓட்டிக்கொண்டே ஆட்டம் முழுவதையும் மறுபடி சொன்னார். நான் கையைத் தூக்கிய இடம் வரும்போதெல்லாம் வான் முழுக்கச் சத்தம். என் கால்கள் வலித்தன. முழங்காலில் தோல் உரிந்திருந்தது. நூலக யன்னலுக்கு வெளியே கேட்ட அந்தச் சத்தத்துக்குள் நான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருமுறை நினைத்தேன். பிறகு சுரங்கப்பாதை வந்துவிட்டது. கத்த வேண்டியிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் காப்டன் வேலை செய்யும் வீட்டு வாசலில் வானை நிறுத்தினோம். அந்த வீட்டின் இரண்டு சிறுமிகளும் வெளிவாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திக்கு எட்டு வயது, மற்றவளுக்கு ஆறு இருக்கும். அரபுப் பிள்ளைகள். வானின் கதவு திறந்ததும் மூத்தவள் அச்சு அசலான தோட்டத்துத் தமிழில் கத்தினாள்.

"அக்கா, செயிச்சீங்களா?"

"மாஃபி, தோத்துட்டோம்!" என்றாள் காப்டன்.

இரண்டு பேரும் சேர்ந்து ஊளையிட்டார்கள். சின்னவள் காலை நிலத்தில் உதைத்தாள். "யாரு தோக்க வச்சா?"

ஆறு கைகள் என்னைக் காட்டின. முன்னிருக்கையிலிருந்து இவருடைய கை ஏழாவது. என் மகளுடையது எட்டாவது. சின்னவள் வானுக்குள் எட்டி, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இந்த அக்காவுக்கு ஓடத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"நான் சொல்லித் தரேன். எறங்கு."

இறங்கினேன். அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, நீண்ட வெள்ளை மதிலோரமாக ஓடத் தொடங்கினாள். உரிந்த முழங்காலோடு நானும் பின்னால் ஓடினேன். மூத்தவள் என்னைத் தாண்டி ஓடினாள். காப்டன் வாசலில் நின்று, "கைய வீசுங்கக்கா, கைய வீசுங்க!" என்று கத்தினாள். சத்தம் கேட்டு வீட்டுக்காரப் பெண்மணி கதவைத் திறந்து வந்து, யார் இந்தப் பைத்தியம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.